தோள் மேல் ஒரு சிறுவன்

“அந்தப் பெரிய படத்தை மட்டும் கழட்டிடறேங்க. அண்ணி வந்து பார்த்துட்டுப் போனதும் திரும்ப மாட்டிடலாம்.”

ஸ்டூல் மேல் நின்று, படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கெஞ்சினாள் அவள். கீழே நாற்காலியில் இருந்த கணவர் சிரித்தார். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் எதன் மேலும் ஏறுவதில்லை.

“நல்லா இருக்கே நியாயம்! ஊரே வந்து பார்க்கலாம், எங்கக்கா பார்க்கக் கூடாதா? அதுல இருக்கறது அவளுக்கும் அப்பாதானே?”

அவள் சட்டத்தை விட்டுவிட்டு இறங்கினாள்.

நாத்தனார் முகம் கொடுத்துப் பேசியே பல வருஷம் ஆகிறது. தம்பி தன்னைக் கேட்காமல் கட்டிக்கொண்டான் என்று கல்யாணத்துக்கே வராதவள். அந்த வீம்பில் இவர்களும் எதையும் சொல்லி அனுப்பவில்லை, அவர் விழுந்ததைக்கூட. இப்போது பேப்பரில் தம்பியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, அவன் படங்களின் கண்காட்சி நடக்கும் இந்த நூலகத்துக்கே போன் போட்டு, “அவன் அக்கா வர்றேன்னு சொல்லுங்க” என்று வைத்துவிட்டாள்.

கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதிக்கொண்டிருந்த மனுஷர் அவர். தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ‘பக்கத்துல உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்கம்மா’ என்றார் டாக்டர். அவளும் வாய் ஓயாமல் பேசினாள். வீடு திரும்பித் தூரிகையைத் தொட்டபோது போர்டு எழுத்து வரவில்லை. பிறந்த ஊர்தான் வந்தது.

கூடம் முழுக்க அந்த ஊர்தான். கவிழ்த்துப் போட்ட படகு, உப்புக் காற்றில் துருவேறிய ஜன்னல், அலைக்குப் பயந்து ஓடும் பிள்ளைகள். நடுச்சுவரில், தோள் மேல் சிறுவனைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும் அப்பா.

அதன் முன்னால் நின்ற ஓர் அம்மாள், “ஏன் இவர் ஒரு காலைச் சாய்ச்சே நிக்கறார்?” என்று கேட்டாள்.

“படகு மோதின கால். மழைக்காலத்துல ரொம்ப வலிக்கும்” என்று சட்டென்று சொல்லிவிட்டாள் மனைவி.

“பார்த்தீங்களா? நான் என் அப்பாவைப் பத்திச் சொல்ல வேண்டியதையெல்லாம் இவ மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கா!” என்றார் கணவர் பெருமையாக. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போதெல்லாம் இப்படித்தான்; எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அது அவருடையதாகிவிடுகிறது.

வாசலில் பருத்த உருவம் ஒன்று மூச்சு வாங்க வந்து நின்றது. கணவர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

“அக்கா!”

நாத்தனார் சண்டை போடவில்லை. தம்பியின் தலையில், முடி முளைக்காமல் வழித்துவிட்டது போலிருந்த தழும்பைத் தடவினாள். “எப்படா இது?” என்றாள்.

“அதை விடுக்கா. இங்கே வா, உன்னைக் கூட்டிட்டுப் போறேன் நம்ம வீட்டுக்கு!” என்று கையைப் பிடித்து இழுத்தார். படம் படமாக நிறுத்தினார். பெரிய படத்தின் முன்னால் வந்ததும் நாத்தனார் முகம் வெளுத்தது.

மனைவி ஓரடி முன்னால் வந்தாள். இடையில் புகுந்து தடுக்கலாம் என்றால், என்ன சொல்லித் தடுப்பது?

“அப்பா அப்படியே இருக்கார்ல?” பரீட்சை பேப்பரை நீட்டிய பிள்ளை மாதிரி அக்காவின் வாயையே பார்த்தார் அவர்.

நாத்தனார் படத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். “அப்படியே இருக்கார்டா” என்றாள்.

அவர் குழந்தையாகச் சிரித்தார். அதற்குள் யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் போனார்.

“தண்ணி குடிக்கணும்” என்று நாத்தனார் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பழைய நாற்காலிகளை அடுக்கியிருந்த பக்கத்து அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

“என்ன பண்ணி வெச்சிருக்கே என் தம்பியை? எங்க ஊர்லேருந்து கடலைப் பார்க்கணும்னா ரயிலேறணும். எங்கப்பா அவனைத் தோள்ல தூக்கினாரா? அடிக்கறதுக்குத் தவிர அந்தக் கை அவன் மேல பட்டதே இல்லை!”

“தெரியாது அண்ணி” என்றாள் அவள். “ஊரைப் பத்தி எங்கிட்ட அவர் ஒருநாளும் பேசினதில்லை. விழுந்ததுல பழசெல்லாம் அழிஞ்சு போச்சு. ‘நான் யார் பிள்ளை, எங்கே வளர்ந்தேன்’னு தினமும் அழுதார். உங்களைக் கூப்பிட எனக்குத் தைரியமில்லை. ஏதாவது சொல்லணுமே, சொன்னேன். இன்னிக்கு அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியலை.”

கதவுக்கு வெளியே அவர் குரல் கணீரென்று கேட்டது. யாருக்கோ, அப்பா தோளில் உட்கார்ந்து முதன்முதலாகக் கடலைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி அதைக் கேட்டபடியே நின்றாள்.

நாத்தனாரின் பிடி தளர்ந்தது. “அதுக்காக எவனோ ஒருத்தனைக் காட்டி, இதுதான் உங்க அப்பான்னு சொல்லிட்டியா? யாரும்மா அந்த ஆளு?”

“எங்கப்பா, அண்ணி.”