அசையாத நாலாம் எலும்பு

"டாக்டர், இவளுக்கு வலியே இல்ல. என் இடத்தைப் பிடிக்கறதுக்காக இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா!"

அக்கா இப்படிச் சொன்னதும் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலித்தது. "ஐயோ அம்மா!" என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா நடிப்பை? இவ தொழிலே அதானே!"

தொழில் இருவருக்கும் அதுதான். ஒரே நாடகக் கம்பெனியின் நடிகைகள். சாயங்காலம் புது நாடகத்தின் முதல் காட்சி. காலை ஒத்திகையில் தங்கைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "எலும்பு நழுவுதுன்னா அப்புறம் மேடையை மறந்துட வேண்டியதுதான்" என்று பயமுறுத்தி, இங்கே அனுப்பியிருந்தார் குடும்ப டாக்டர்.

"சாதா எக்ஸ்ரே எடுத்தாச்சு. அதுல ஒண்ணுமே தெரியலையாம்," என்றாள் தங்கை.

"எப்படிம்மா தெரியும்? அது ஆடாம அசையாம எடுத்த படம். கதவு கிறீச்சுனு கத்துதுன்னா, மூடின கதவையே முறைச்சுப் பாத்து என்ன பிரயோஜனம்? ஆட்டித்தானே பாக்கணும்!" எக்ஸ்ரே டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இது ஓடற எக்ஸ்ரே. எலும்புகளை சினிமா மாதிரி எடுக்கும். ஒவ்வொரு எலும்பும் எத்தனை டிகிரி திரும்புதுன்னு கம்ப்யூட்டர் அளந்து சொல்லிடும். ஆமா, என்ன வேஷம் கட்டறீங்க?"

"அது மட்டும் கேக்காதீங்க. திரை விலகற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது, கம்பெனி சட்டம்," என்றாள் அக்கா. "நாடகத்துக்குப் பேரே எங்களாலதான். அவ்வளவுதான் சொல்வேன்."

"மேடையில இருக்கற வரைக்கும் நான் குனிஞ்சே இருக்கணும் டாக்டர். அக்கா மட்டும் நிமிர்ந்து ஜம்முனு வருவா."

"புரிஞ்சு போச்சு! அவங்க மகாராணி, நீங்க பணிப்பெண்."

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாயைப் பொத்தினார்கள். அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார்கள். தங்கைக்கு மறுபடியும் வலித்தது.

அவளைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார் டாக்டர். நடுவில் மடங்குகிற மோட்டார் கட்டில் அது.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். கட்டிலே உங்களை மெதுவா மடக்கும். நீங்களா குனிஞ்சா தசையெல்லாம் இறுக்கிப் பிடிச்சுக்கும், எலும்போட சுயகுணம் தெரியாது. சிரிக்க மட்டும் கூடாது. சிரிச்சா அளவு கெட்டுடும். திரும்பத் திரும்பக் கதிர் பாய்ச்ச முடியாது, ஒரே தடவைதான்."

"நல்ல ஆள்கிட்ட சொன்னீங்க! பள்ளிக்கூடத்துல மௌன அஞ்சலிக்குச் சிரிச்சு வெளிய நின்னவ இவ."

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் டாக்டரும் அக்காவும் வந்து நின்றார்கள். கட்டில் மெல்ல மடங்கியது. உள்ளே தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஐந்து எலும்புகள் அசையத் தொடங்கின.

"அட, எலும்பு இவளைவிட லட்சணமா இருக்கே!"

"ரயில் வளைவுல திரும்பறதைப் பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பும். அப்பதான் வண்டி வளையும். இங்க பாருங்க. ஒண்ணு திரும்புது, ரெண்டு திரும்புது, மூணு... ஆகா!" டாக்டர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "நாலாவது எலும்பு அஞ்சாவதைக் கோந்து போட்டு ஒட்டின மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதோட பங்கையும் சேத்து மூணாவதே திரும்புது. வலிக்காம என்ன பண்ணும்?"

"நழுவுதா டாக்டர்?" அக்காவின் குரலில் இப்போது கேலி இல்லை.

"துளிகூட இல்ல. தாராளமா மேடை ஏறலாம்."

அக்கா மைக்கின் பித்தானை ஓங்கி அழுத்தினாள். "ஏய், நழுவலையாம்டி!"

உள்ளே அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் பீறிட்டது. நல்லவேளை, படம் முடிந்திருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர். "கொஞ்ச மாசத்துக்குக் குனிஞ்சு மட்டும் நிக்கக் கூடாது. நிமிர்ந்து நடக்கலாம், ஆடலாம். பேசாம நீங்க ரெண்டு பேரும் வேஷத்தை மாத்திக்குங்க."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "அதெப்படி? கைதட்டல் வாங்கறது எப்பவும் நான்தானே! அதுவுமில்லாம, எனக்கும் நேத்துலேர்ந்து இடுப்புல ஒரு மாதிரியா..."

"கட்டில் காலியாத்தான் இருக்கு. படுங்க, அளந்துடலாம்."

"வேண்டாம், இப்ப சரியாயிடுச்சு."

சற்று நேரத்தில், மருத்துவமனையின் ஆளரவமற்ற பின்பக்கத்திலிருந்து கூச்சல் கேட்டது. டாக்டர் ஜன்னலைத் திறந்தார்.

"இடது கால் முதல்ல!" என்று தங்கையின் குரல் அதட்டியது. "ஏன்க்கா தடுமாறறே? என்னைப் பாத்து வா!"

"எங்கடி பாக்கறது? இருட்டா இருக்கு!"

கம்பெனி வேனுக்குப் பக்கத்தில், நீளக் காதுகளை ஆட்டியபடி ஒரு கழுதை நடை பழகிக்கொண்டிருந்தது. அதன் முன்னங்கால்கள் இரண்டும் துள்ளிக் குதித்தன. பின்னங்கால்கள் இரண்டும் அக்காவின் குரலில் திட்டிக்கொண்டே பின்னால் வந்தன.