வீரனின் மாத்திரை

புதன்கிழமை காலை ஒன்பது இருபது. அட்டையில் மிச்சம் நான்கு மாத்திரை. நாயின் பெயர் வீரன்.

அந்தப் பெயரில் ஒரு நாயே கிடையாது என்பதுதான் பிளம்பருக்கு இப்போது பிரச்சினை.

அவர் மடியில் இருந்தது எதிர்வீட்டு டீச்சரிடம் இரவல் வாங்கிய நாய். பெயர் மிட்டாய். குட்டை. வெள்ளை. பெண்.

"உங்களுக்கு எதுக்கு இந்தப் புத்தி?" என்றாள் மனைவி, கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் காதோரமாக. "மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"மாத்திரை நின்னு போகும்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐந்து மாதம் முன்னால், குழாய் ஒழுகுகிறது என்று இங்கே கூப்பிட்டிருந்தார்கள். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டை முடுக்கும்போது, அலமாரியில் ஒரு டப்பா கண்ணில் பட்டது. அதில் நாய்ப் படம். படத்துக்குக் கீழே, இவருடைய இதயத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மருந்தின் பெயர். அதே அளவு. மனிதர்கள் வாங்கும் கடையில் விற்பதில் கால்வாசி விலை.

"எங்க வீட்டு நாய்க்கும் இதேதான்" என்று அன்றைக்கு ஒரு பொய் சொன்னார். தெரிந்த பிளம்பர்தானே என்று கவுன்டர் அம்மாவும் மாதாமாதம் எடுத்துக் கொடுத்தாள்.

போன வாரம் இந்த ஆஸ்பத்திரி டாக்டர் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். நாயைக் கண்ணால் பார்க்காமல் இனி ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"கல் நெஞ்சுக்காரன்" என்றாள் மனைவி.

"வீரன்!" என்று கூப்பிட்டாள் கவுன்டர் அம்மா.

மிட்டாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காது கொஞ்சம் மந்தம்" என்றபடி பிளம்பர் எழுந்தார்.

"உள்ள போய் வாயைத் திறக்காதீங்க. இந்த நாய் மாதிரி சும்மா இருங்க" என்றபடி மனைவியும் பின்னாலேயே உள்ளே நுழைந்தாள்.

டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"ஆண்னு எழுதியிருக்கு."

"அவசரத்துல எழுதிட்டாங்க போல சார்."

"பேரு வீரன்."

"தைரியம் வரட்டும்னு வெச்சது."

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை நாயின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். தன்னுடைய நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் அந்த அறை முழுக்கக் கேட்கிறது என்று பிளம்பருக்குத் தோன்றியது.

"ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதா?"

"மூணு தலையணை வெச்சாத்தான் கண்ணே அசருது சார்."

டாக்டர் நிமிர்ந்தார். "நாய்க்கா?"

மனைவி பிளம்பரின் முழங்கையைக் கிள்ளினாள்.

"நாய்க்குத்தான்."

"மாடிப்படி ஏறுதா?"

"அஞ்சாவது படியில உக்காந்துடும்."

"எடை பார்க்கணும்."

மிட்டாய் எடைமேடையில் நிற்கவில்லை. இரண்டு தடவை வழுக்கி இறங்கியது.

"தூக்கிக்கிட்டு நீங்களே ஏறுங்க" என்றார் டாக்டர். பிளம்பர் ஏறினார். எழுபத்தொரு கிலோ.

"நாயை அவங்ககிட்ட குடுங்க. இப்ப நீங்க மட்டும் நில்லுங்க." அறுபத்து நான்கு.

டாக்டர் இரண்டையும் குறித்துக்கொண்டார். பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், பிளம்பரின் கணுக்காலில் கை ஊன்றி எழுந்தார். கட்டைவிரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்து, அப்படியே நின்றது.

"செருப்பு இறுக்கமோ?"

"ஆமா சார்."

டாக்டர் கவுன்டர் பக்கம் திரும்பி, "அந்தக் கதவைச் சாத்தும்மா" என்றார்.

பொய்ச் சீட்டு காட்டி மருந்து வாங்கிய ஒருவனை, போன வருஷம் இதே டாக்டர்தான் போலீஸில் ஒப்படைத்தாராம். கவுன்டர் அம்மா சொன்ன கதை அது.

"மாத்திரை இன்னும் எத்தனை இருக்கு?"

"நாலு."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வரும். அதுக்கப்புறம் இங்க கிடையாது."

மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், அது இல்லேன்னா அவரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "அது உசிரோட இருக்காது சார்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாய்க்கு எழுதுவதைவிட அதிகமாகவே எழுதினார். மடித்து நீட்டினார்.

"வெளியில போய்ப் படிங்க. இந்த நாய்க்கு பிஸ்கட்டைக் குறைங்க. வேற ஒரு குறையும் இல்ல."

வாசல் கதவுவரை நடந்தார்கள். பிளம்பருக்கு மூச்சு வாங்கியது. சுவரில் கை வைத்து நின்றார்.

"போலீஸுக்குத்தான் எழுதியிருக்காரா?" என்றாள் மனைவி.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே படி."

நாயை அவர் கையில் கொடுத்துவிட்டு, மனைவி காகிதத்தைப் பிரித்தாள். முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு மெதுவாகப் படித்துக் காட்டினாள்.

'எடை 64 கிலோ. காலில் நீர் கோத்திருக்கிறது. மூன்று தலையணை. இப்போது சாப்பிடும் மருந்து போதாது, உடனே மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருப்பது என் வீடு. என் மனைவி மனிதர்களுக்கு இதய டாக்டர். மருந்தும் அவளே தருவாள். பணம் வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணி. நாயை அழைத்து வர வேண்டாம்.'

மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே, பிளம்பர் போய் அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார்.