சாஞ்செஸா, சாவேஸா?

"மெக்ஸிகோவிலேயே பெரிய பாக்ஸர் யாரு?" என்று கேட்டார் டாக்டர் உருத்தியா.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தக் கேள்விக்கு நாங்கள் படித்துக்கொண்டு வரவில்லை.

என் கணவன் நாசாரியோவுக்கு முப்பத்தாறு வயது. பாக்ஸிங் லைசென்ஸைப் புதுப்பித்தால்தான் அடுத்த மாதம் மோன்டெரேயில் பத்து ரவுண்டு சண்டை. புதுப்பிக்க இந்த டாக்டரின் கையெழுத்து வேண்டும். வாங்கிய அடிகளில் மூளை கலங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் பேனாவை எடுப்பார்.

வருடா வருடம் அதே கேள்விகள்தான் என்று அவனுடைய கோச் ஃபிடென்சியோ அடித்துச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு மாதமாகத் தினமும் காலையில் அவன் சவரம் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று கேட்பேன். இன்றைக்கு என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று வார்த்தைகள் என்ன?

குதிரை, எலுமிச்சை, சாவி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

ஆனால் டாக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்கிறார்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா டாக்டர்?" கோச் முந்திக்கொண்டார். எங்கள் தெபீத்தோ பேட்டை ஆட்களிடம் இதைக் கேட்டவர்கள் யாரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. "ஹூலியோ சேசர் சாவேஸ்தான்! தொண்ணூறு சண்டை, ஒரு தோல்வி கெடையாது. ரெண்டே ரெண்டு செகண்டு பாக்கி இருக்கறப்ப அந்த அமெரிக்காக்காரன் டெய்லரைக் கவுத்தாரே, மறந்துட்டீங்களா?"

நாசாரியோ சிரித்தான். நாற்காலி நுனிக்கு வந்து, ஒரு விரலைத் தூக்கினான்.

"நான் ஒண்ணு கேக்குறேன் வாத்தியாரே. சால்வதோர் சாஞ்செஸ் சாகும்போது வயசு இருபத்திமூணு. அதுக்குள்ள, தோல்வியே தெரியாத கோமெஸையே எட்டாவது ரவுண்டுல முடிச்சிட்டான். அவன் மோதிச் செத்த அந்தக் கார் மட்டும் அன்னிக்கு ஸ்டார்ட் ஆகாம இருந்திருந்தா, சாவேஸ் பேரு யாருக்குத் தெரியும்?"

"அடப்பாவி! பதினஞ்சு வருஷமா கத்துக் குடுத்தது நானு, நீ சாஞ்செஸ் கட்சியாடா?"

டாக்டர் ரசித்துச் சிரித்தார். "ஃபினித்தோ லோபெஸை ரெண்டு பேருமே விட்டுட்டீங்களே. கடைசிவரைக்கும் தோக்காமலேயே ரிட்டயர் ஆன ஆளு."

"அய்யோ, அந்தக் குருவி எடையில யாரு அடிச்சா வலிக்கும் டாக்டர்?" என்றார் கோச். எழுந்து நின்று, சாவேஸ் ஈரலைப் பார்த்து எப்படிக் குத்துவார் என்று காற்றில் குத்திக் காட்டினார். மேஜையில் இருந்த பேனா டப்பா விழுந்தது. பரீட்சைக்கு வந்திருக்கிறோம் என்பதே அந்த மனிதருக்கு மறந்துவிட்டது.

டாக்டர் மட்டும் கோச்சைப் பார்க்கவில்லை. நாசாரியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லு நாசாரியோ. யாரு பெரியவன்?"

விரல் மேலே போனது. "நான் ஒண்ணு கேக்குறேன். சாஞ்செஸ் சாகும்போது வயசு இருபத்திமூணு..." கோமெஸ் வந்தான், எட்டாவது ரவுண்டு வந்தது, ஸ்டார்ட் ஆகாத கார் வந்தது.

"இப்பத்தானேடா அதைச் சொன்னே!" என்று கோச் அவன் முதுகில் தட்டினார்.

பேச்சு பழைய சாம்பியன் ஒலிவாரெஸின் இடது கைக்குத் தாவியது. அந்தக் கை ஒரு கழுதையைக்கூடச் சாய்த்துவிடும் என்றார் கோச். கழுதைக்கு ஈரல் எந்தப் பக்கம் என்று டாக்டர் கேட்டார். நாசாரியோதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

"சரி, உன் கட்சி எது நாசாரியோ? நீ வாயே திறக்கலையே," என்றார் டாக்டர், இதுவரை கேட்காதவர்போல.

விரல் மேலே போனது.

"நான் ஒண்ணு கேக்குறேன் டாக்டர்..."

அதே இருபத்திமூன்று. அதே கோமெஸ். காரைச் சொல்வதற்கு முன்னால் அதே இடத்தில் ஒரு நிறுத்தம். சொல்லி முடித்ததும், யாருக்கும் தோன்றாத ஒன்றைப் புதிதாகச் சொல்லிவிட்டவன்போல எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

இந்த முறை கோச் தட்டவில்லை. மெல்ல உட்கார்ந்தார்.

"வெளையாடறான் டாக்டர்," என்றார்.

டாக்டர் ஃபைலைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதினார். "இனிமே ரிங் வேண்டாம் நாசாரியோ."

"தேதி கேளுங்க! நூறுல இருந்து குறைக்கச் சொல்லுங்க! எல்லாம் சொல்லுவான்!" கோச் கத்தினார்.

"குதிரை, எலுமிச்சை, சாவி," என்றான் நாசாரியோ. அவனை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மாடிப்படியில் கோச் புலம்பிக்கொண்டே இறங்கினார். "எத்தனை வருஷமா வரேன், ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லையே! இந்த ஆளுக்கு எப்படித் தோணிச்சு?"

நாசாரியோ எனக்கு முன்னால் விசிலடித்தபடி போனான். "நல்ல மனுஷன்டி. பாக்ஸிங் தெரிஞ்சவரு. மோன்டெரே சண்டைக்கு அவரையும் கூப்பிடணும்."

முந்தின செவ்வாய்க்கிழமையே டாக்டருக்குப் போன் செய்தவள் நான்.

"தேதியைக் கேக்காதீங்க டாக்டர், வார்த்தையைக் கேக்காதீங்க. எல்லாம் நான் சொல்லிக் குடுத்தாச்சு. பெரிய பாக்ஸர் யாருன்னு கேளுங்க. ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடாதீங்க," என்றேன்.

கடைசிப் படியில் அவன் நின்று எனக்காகக் கையை நீட்டினான். நான் பிடித்துக்கொண்டேன்.