ஏறிப்போன நம்பர்

"அப்பா வெளியவே இருக்கட்டும்ங்க மேடம். எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க" என்றான் கதிரவன், கதவைச் சாத்திக்கொண்டே.

டாக்டர் ஜோஸ்பினுக்கு இது ஒன்றும் புதிதில்லை. தர்மபுரியில் அவருடைய கிளினிக்குக்கு வருகிற குடும்பங்களில் முக்கால்வாசி இப்படித்தான். வியாதிக்காரரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வியாதி இல்லாதவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். அவர் நாற்காலிகளைக் காட்ட, கதிரவனும் அவன் மனைவி கோகிலவாணியும் உட்கார்ந்தார்கள்.

"அப்பா எப்படிச் சாப்பிடறாரு?"

"நல்லா சாப்பிடறாருங்க. தக்காளித் தோட்டத்துல எங்களவிட அவருதான் அதிகம் வேல செய்யறாரு. நேத்துகூட மாரண்டஹள்ளியில லோடு ஏத்தி, அவரே கூடப் போயி பாலக்கோடு மண்டியில எறக்கிட்டு வந்தாரு."

"வெயிட் கொறஞ்சிருக்கா?"

"ஏறியிருக்குதுங்க."

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். 

போன வருடம் அப்பா மாதப்பனுக்கு ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று கண்டுபிடித்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஏஎஃப்பி என்கிற புரோட்டீனைப் பார்க்கிறார்கள். நம்பர் கீழே இருந்தால் நிம்மதி. ஏறினால் கட்டி திரும்பி வருகிறதோ என்று பயப்பட வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை அந்த வீட்டில் ஒருத்தருக்கும் சோறு இறங்காது.

"போன தடவ ஆறு இருந்துச்சு" என்றார் டாக்டர். "இப்ப அம்பத்திரெண்டு."

கதிரவன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். பக்கத்தில் கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்ப வந்துருச்சுங்களா மேடம்?"

"அப்படித்தான் சந்தேகப்படணும். ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். ஆனா எனக்கே கொஞ்சம் குழப்பமாத்தான் இருக்குது. மத்த டெஸ்ட் எல்லாம் சின்ன வயசுக்காரங்களுக்கு வர்ற மாதிரி சுத்தமா வந்திருக்குது. அவருக்கு இருந்த சர்க்கரைகூட இதுல காணோம்."

கோகிலவாணி குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். அந்த நேரத்திலும் கதிரவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. மாமனாருக்காக இப்படி அழுகிற மருமகள் எத்தனை வீட்டில் இருப்பாள்?

"அழுவாத கோகிலா. அப்பாவுக்கு எவ்வளவு பெரிய வைத்தியமா இருந்தாலும் பாத்துடலாம்."

"மாமாவுக்கு ஒண்ணுமில்லீங்க."

"அப்படித்தான் தைரியமா இருக்கணும்."

"அதில்லீங்க" என்று அவள் தலையை ஆட்டினாள். "அது மாமாவோட ரத்தமே இல்ல. என்னோடது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோகிலவாணி கணவனைப் பார்க்காமல், டாக்டரைப் பார்த்தே சொன்னாள்.

"லேபுல நானும் மாமாவும் டோக்கன் போட்டுட்டு உக்காந்திருந்தோமுங்க. மாமா 'இனிமே அந்த நம்பர பாக்குற தெம்பு எனக்கில்ல கண்ணு'ன்னுட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்திரிச்சுப் போயிட்டாரு. ரத்தம் குடுக்காம வூட்டுக்குப் போனா இவரு அவர சும்மா வுட மாட்டாரு. அதுக்குள்ள பேரக் கூப்பிட்டாங்க. சரியான கும்பல். என் மொகத்தக்கூட பாக்காம டோக்கன வாங்கிட்டு கைய நீட்டச் சொன்னாங்க. நீட்டிட்டேன். நல்ல நம்பர் வந்தா எல்லாரும் நாலு நாளு நிம்மதியா தூங்குவோம், அப்புறமா மாமாவ சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வரலாம்னு நெனச்சேனுங்க."

கதிரவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த அம்பத்திரெண்டு இப்போது அவன் அப்பாவை விட்டு இறங்கி, அவன் பெண்டாட்டியின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

"அப்ப கட்டி எனக்குத்தாங்களா மேடம்?" என்று கேட்டாள் கோகிலவாணி.

டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலுக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்தார். கதிரவன் இந்தப் பக்கம் விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்சு மட்டும் கேட்டது.

"சோர்வா இருக்குதா? சாப்பாடு?"

"ரெண்டு மாசமா சோத்தக் கண்டாலே ஆவறதில்லீங்க. மாமாவப் பத்தின கவலையில இருக்கும்னு வுட்டுட்டேன்."

"மாசாமாசம் சரியா குளிக்கறயா?"

"எனக்கு எப்பவுமே தள்ளித்தான் போவும்ங்க."

"கடைசியா எப்ப?"

"தக்காளிக்கு நாத்து வுடறதுக்கு முன்னாடிங்க."

"இப்ப காயே பறிச்சு முடிக்கப் போறீங்க" என்றார் டாக்டர். "இங்க அழுத்தினா வலிக்குதா?" என்று கேட்டார் பிறகு. வயிற்றை அழுத்திப் பார்க்கிறார் போலிருந்தது. கதிரவனுக்கு அந்த நேரம் போய்த் தொலையவே இல்லை.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையைக் கழுவியபடியே நர்ஸைக் கூப்பிட்டார்.

"பெஞ்சுல இருக்கற பெரியவர உள்ள கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுக்கணும். நானே பக்கத்துல நிக்கறேன்."

"மேடம், கோகிலாவுக்கு?" என்று கேட்டான் கதிரவன். "எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க."

டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தார்.

"இந்தப் புரோட்டீன ஈரல்ல வர்ற கட்டி மட்டும் சுரக்கறதில்ல கதிரவன். தாய் வயித்துல இருக்கற நாலு மாசக் கொழந்தையோட ஈரலும் சுரக்கும்."