கட்டாத கழிப்பறை

"எங்கேம்மா கழிப்பறை?"

சட்டமன்றக் குழுத் தலைவர் போட்ட சத்தத்துல குருபரப்பள்ளி பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்துச்சு. அவர் நின்னது புல்லு முளைச்ச காலி இடம். கேட்டது, மாவட்ட வசதி முகமையோட தலைமை அதிகாரி சுஜாதா மேடத்தை.

ஓசூர் கம்பெனிங்களுக்கு ஷிப்டு போற பொண்ணுங்க நாங்க பஸ் ஏறுறது இங்கதான். ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காமலே வீட்ல இருந்து கிளம்புவோம். அப்படி இருந்துதான் எங்க ஜெசி போன மாசம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில படுத்தா.

இந்த அம்மா என்னடான்னா, கழிப்பறை கட்டியாச்சுன்னு சட்டசபைக்கே அறிக்கை குடுத்திருக்கு!

தலைவர் அறிக்கையைச் சத்தமா படிச்சார். "'வெள்ளை டைல்ஸ் பதித்த ஆறு அறைகள்.' எங்கே?"

"நீங்க நிக்கிறது மூணாவது அறை சார்."

தலைவர் பதறிப்போய் தள்ளி நின்னார்.

"அது நாலாவது சார்."

டீக்கடை ஆஞ்சப்பன் கன்னடமும் தமிழுமா சாட்சி சொன்னார். "ஏனூ இல்ல, ஒண்ணுமே இல்ல சார், ஒரு செங்கல்லுகூட எறக்கல!"

தலைவர் விடல. "'உள்பக்கம் தாழ்ப்பாள். எந்நேரமும் தண்ணீர். நாப்கின் மெஷின். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மின்விசிறியுடன் தனி அறை.' ஃபேன் எங்கேம்மா சுத்துது?"

"இப்ப கரண்ட் இல்ல சார்."

அந்தம்மா சிரிக்கக்கூட இல்ல. கல்லு மாதிரி நின்னுச்சு.

"சட்டசபைன்னா உங்களுக்குக் கிள்ளுக்கீரையா? அறிக்கையில கையெழுத்துப் போட்டவங்கதான் அதுக்குப் பொறுப்பு. இன்னையோட நீங்க சஸ்பெண்டு!"

நாங்க கை தட்டினோம். நான் விசிலே அடிச்சேன். அப்பாடா, ஒருத்தராவது மாட்டினாங்களே!

அப்பதான் குழுச் செயலாளர் பொன்னுசாமி, தலைவர் காதுகிட்ட குனிஞ்சார். ஆனா அவர் ரகசியம் பேசினாலே தெருவுக்குக் கேக்கும்.

"சார், இந்த அறிக்கையை சபை ஏத்துக்கிட்டாச்சு. நீங்களே பாராட்டிப் பேசியிருக்கீங்க."

"நானா? எப்ப?"

"போன கூட்டத்தொடர்ல சார். 'முன்மாதிரிக் கழிப்பறை'ன்னு மேஜையைத் தட்டினீங்க."

"அதை எடுத்துடுங்களேன்யா."

"அவைக்குறிப்புல ஏறிடுச்சு சார். இப்ப எடுத்தா, படிக்காமலே பாராட்டினீங்கன்னு பேப்பர்ல கிழிச்சுடுவாங்க."

தலைவர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் கத்தினார்.

"அப்ப கட்டுங்கய்யா! சபையில சொன்னது பொய்யாகக் கூடாது. அறிக்கையில என்னென்ன இருக்கோ, ஒண்ணு குறையாம அடுத்த கூட்டத்தொடருக்குள்ள இங்க நிக்கணும். ஃபேன் உட்பட!"

அவ்வளவுதான். கூட வந்த இன்ஜினீயர் அங்கேயே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பிச்சுட்டார். மேடத்தோட சஸ்பெண்டை மட்டும் யாரும் திருப்பி எடுக்கல. குழுவோட காருங்க கிளம்பிப் போச்சு.

சுஜாதா மேடம் ஆபீஸ் ஜீப்பை டிரைவரோட திருப்பி அனுப்பிட்டு, எங்களோட பஸ்ஸுக்கு நின்னாங்க. மூஞ்சியில ஒரு கவலை இல்ல. எனக்குன்னா பத்திக்கிட்டு வந்துச்சு.

"படிச்சவங்கதானே மேடம் நீங்க? இப்படிப் புளுகி, இருந்த வேலையையும் தொலைச்சுட்டீங்களே, வெக்கமா இல்ல?"

அவங்க கோவிச்சுக்கல. பக்கத்துல நின்ன ஜெசியை ஒரு தடவை பார்த்துட்டு, மெதுவா சொன்னாங்க.

"வருஷா வருஷம் 'இந்த ஸ்டாப்புல கழிப்பறை இல்ல'ன்னு உண்மையைத்தாம்மா எழுதி அனுப்பினேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. இந்தத் தடவை 'இருக்கு'ன்னு எழுதி, அது பொய்னு பேர் சொல்லாம நானே குழுவுக்குப் போன் போட்டுப் புகாரும் சொன்னேன். எல்லாரும் ஓடி வந்துட்டாங்க."