மூழ்க வேண்டிய பகுதி

பெருமழை வந்தால், நகரத்தைக் காப்பாற்ற ஒரு பகுதியை மட்டும் மூழ்கவிடுவது அப்போது சட்டமாகியிருந்தது. எந்தப் பகுதி என்பதைக் கணினி சொல்லும். மதகைத் திறப்பது இதழினியின் வேலை. அன்று மதியம் அல்லி நகரின் பெயர் வந்தது. முன்பு ஏரியாக இருந்த இடம். அவளுடைய அக்கா அங்கேதான் குடியிருந்தாள்.

இதழினி உடனே அவளுக்குப் போன் செய்தாள்.

“மாமாவால நடக்க முடியாதேடி. தூக்க ஆள் வரணும். அரை மணி நேரம் பொறு,” என்று அக்கா அழுதாள்.

இதழினி மதகைத் திறக்காமல் பொறுத்தாள். அதற்குள் வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு, எச்சரிக்கையே போகாத வேறொரு குடியிருப்பில் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள்.

மறுநாள் அக்கா வந்து அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். “எங்க உசிரு நீ குடுத்ததுடி.”

இதழினி கைகளை விடுவித்துக்கொண்டாள்.

“அந்த ஏழு பேருக்கு யாருமே போன் பண்ணலக்கா.”