சும்மா வைக்கோல்

"சரியா எழுபத்திரண்டு மணி நேரம். எல்லாம் மண்ணாப் போச்சுண்ணா."

ஆய்வக மேசைமேல் இரண்டு குடுவைகள் இருந்தன. தங்கையைக் கூட்டிப்போக மாட்டுப் பண்ணையிலிருந்து நேராக வந்திருந்த அண்ணன், குனிந்து பார்த்தான்.

"ரெண்டும் ஆறிப்போன டீ மாதிரி ஒண்ணாத்தானே இருக்கு?"

"அதான் என் தலைவலி. இது சுண்ணாம்புத் தண்ணியில ஒரு நாள் ஊறின வைக்கோல். அது சும்மா வைக்கோல். ரெண்டுலயும் ஒரே நொதியைத்தான் போட்டு மூணு நாள் வெச்சேன். ஊறினதுல மூணு மடங்கு சர்க்கரை இறங்கணும்."

"இறங்கலையா?"

"இறங்கிச்சு. ஊறாததுலயும் அதே அளவு இறங்கிச்சு! அப்புறம் எதுக்கு ஊற வெக்கணும்னு கேப்பாங்க இல்ல?"

"எங்கேயாவது அளவு தப்பியிருக்கும், டாக்டரம்மா."

"இன்னும் டாக்டர் ஆகல. இனிமே ஆகவும் மாட்டேன்." அவள் குடுவைகளை ஓரமாகத் தள்ளினாள். "மூணாவது தடவை செய்யறேன். தராசு, குடுவை, நொதி எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்."

மாற்றாதது வைக்கோல் ஒன்றைத்தான். அது அண்ணன் கட்டிக் கொடுத்த மூட்டை. ஒரே மூட்டையிலிருந்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

'ஆய்வைக் கைவிடுகிறேன்' என்று பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்துதான் பாக்கி. பேனாவை எடுத்தாள்.

"கொஞ்சம் இரு." அண்ணன் பிடரியைச் சொறிந்தான். "ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது."

"சொல்லு."

"சுண்ணாம்புத் தண்ணியில ஊறினா வைக்கோல் சுலபமா செரிக்கும்னு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னியே?"

"சொன்னேன். என் முடிவு வர்ற வரைக்கும் மாட்டுக்கிட்ட உன் வேலையைக் காட்டாதேன்னும் சொன்னேன்."

"அதனாலதான் உங்கிட்ட வாயே திறக்கல."

"அண்ணா! மாட்டுக்கு ஏதாவது ஆச்சா?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு. ஒரு வேளைக்கு ரெண்டு லிட்டர் பால் கூடுதலா கறக்குது. நீ படிச்ச படிப்பு வீண் போகலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

பேனா அவள் விரல்களுக்கிடையில் அப்படியே நின்றது.

"அப்போ நீ எனக்குக் கொடுத்த மூட்டை?" கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின.

"அதுவும் ஊற வெச்சு, அலசி, காய வெச்சதுதாம்மா. ஆறு மாசமா நம்ம பண்ணையில சும்மா வைக்கோலே கிடையாது."